இரண்டு அண்ணன்மாரும் அவர்களுடைய நகரங்களின் சனத்தொகையும்

எனக்கு இரண்டு அண்ணன்மார். யுத்தம் எங்களை ஆளுக்கொரு ஊரில் இறக்கிவிட்டது. பெரியண்ணை சிகாகோவில், சின்னண்ணை ஹியூஸ்டனில், நான் மொன்றியலில். ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் தொலைபேசியில் கூடுவோம். சுகம் விசாரித்து முடிந்ததும் அவர்கள் இருவருக்கும் சண்டை தொடங்கிவிடும். அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரம் சிகாகோ. நான்காவதான ஹியூஸ்டன் வேகமாக வளர்ந்து பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. எப்போது முந்தும் என்பதுதான் வழக்கு.

"உங்கடை சனம் பெட்டி கட்டிக்கொண்டு எங்கடை பக்கம்தான் வருகுது அண்ணை."

"வரட்டும். அங்கை வாற முதல் வெள்ளத்தோட திரும்பி ஓடிவரும்."

அந்த நகரங்களையே தாங்கள் பெற்று வளர்த்தது போலத்தான் இருவரும் பேசுவார்கள்.

சென்ற கோடையில் நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தேன். நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் இருந்த ஒற்றை அறை வீடு இனிப் போதாது என்று, பக்கத்துத் தெருவில் மாடி வீடொன்று பிடித்தோம். மொன்றியலில் வாடகை ஒப்பந்தங்கள் மாறுகிற ஜூலை முதலாம் திகதி பாதி ஊரே வீடு மாறும். எங்களுக்கும் அன்றுதான்.

"நீங்கள் ரெண்டு பேரும் தனிய என்னெண்டு காவுவியள்?" என்று சொல்லிக்கொண்டு அண்ணன்மார் இருவரும் விமானத்தில் வந்து இறங்கினார்கள்.

அன்று தெருவின் இரு பக்கமும் லொறிகள். நடைபாதை முழுக்க மெத்தைகளும் குளிர்சாதனப் பெட்டிகளும். கணவர் மிச்சச் சாமான்களை ஏற்றிவரப் பழைய வீட்டுக்குப் போயிருந்தார். எதையும் தூக்கக் கூடாது என்ற கட்டளையோடு என்னைப் புது வீட்டு வாசலில், என் மேசையின் சில்லு வைத்த கதிரையில் இருத்தியிருந்தார்கள். அண்ணன்மார் வெளிப்புற இரும்புப் படியால் சோபாவை ஏற்றினார்கள். படி வளைகிற இடத்தில் அது இறுகிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது.

"சிகாகோவில இப்பிடிக் கோணல் படி கட்டமாட்டினம்," என்று மேலே நின்ற பெரியண்ணை மூச்சு வாங்கினார்.

"கட்டினாலும் ஏறுறதுக்கு அங்கை ஆள் வேணுமே?" என்றார் கீழே சோபாவைத் தோளில் தாங்கிய சின்னண்ணை.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு நின்ற பிறகும் வயிற்றுப் பிடிப்பு நிற்கவில்லை. நாள் இன்னும் இருக்கிறதே என்று நினைப்பதற்குள் கதிரை நனைந்தது.

"அண்ணை, பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டுது!"

சோபாவை அப்படியே படியில் விட்டுவிட்டு, பெரியண்ணை அதன் மேலால் ஏறிக் குதிக்க, இருவரும் ஓடிவந்தார்கள். அந்த நெரிசலுக்குள் எந்த வாகனமும் நுழையாது. ஆனால் தெருமுனையைத் தாண்டினால் ஆஸ்பத்திரி.

"நடப்பன்," என்றேன்.

"நடக்கக் கூடாது!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அவர்கள் எதிலாவது ஒத்துப்போய் நான் கேட்டது அப்போதுதான்.

கதிரையோடு என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். தலையில் மெத்தையோடு வந்த ஒருவர் நிலைமையைப் புரிந்துகொண்டு, "அத்தான்சியோன்! அத்தான்சியோன்!" என்று, கவனம் கவனம் எனப் பிரெஞ்சில் கத்தியபடி எங்களுக்கு முன்னால் வழி விலக்கிக்கொண்டு ஓடினார். நடைபாதை வெடிப்பில் சில்லு சிக்கிய இடங்களில் அண்ணன்மார் என்னைக் கதிரையோடு தூக்கினார்கள். லொறிகளின் மேல் நின்றவர்கள் கைதட்டினார்கள். "பயப்பிடாதை, பயப்பிடாதை," என்று பெரியண்ணை சொல்லிக்கொண்டே வந்தார். பயந்துபோயிருந்தது அவர்தான். எனக்கு வலிக்கும் வலிக்கும் நடுவே சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

பின்னேரம் மகள் பிறந்தாள். கொஞ்சம் சின்னவள்தான், ஆனால் நல்ல சுகம். கணவர் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். சோபாவையும் அயலவர்கள் சேர்ந்து உள்ளே ஏற்றிவிட்டார்களாம். அண்ணன்மார் தயங்கித் தயங்கி அறைக்குள் வந்தார்கள்.

"மொன்றியலுக்கு ஒரு ஆள் கூடிட்டுது," என்றார் சின்னண்ணை.

பெரியண்ணை குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "ஹியூஸ்டனுக்கும் ரெண்டு பேர் கூடப்போகுது," என்றார்.

"ஆர்?"

"நானும் உன்ரை அண்ணியும்தான். பிள்ளையள் படிச்சு வேற வேற ஊருக்குப் போட்டினம். நாங்கள் ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துக்கொண்டிருக்கிறம். உன்னோட சண்டை பிடிக்கிறதெண்டாலும் நேரில பிடிக்கலாமே எண்டு யோசிச்சம்."

சின்னண்ணை வென்றுவிட்டார். துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அண்ணனின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எங்கடை தெருவிலயே ஒரு வீடு விக்க இருக்கு அண்ணை," என்று மட்டும் சொன்னார்.

பனி விழுமுன் பெரியண்ணை குடிபோய்விட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒரே குசினியிலிருந்து அழைக்கிறார்கள். ஹியூஸ்டனில் உட்கார்ந்துகொண்டே பெரியண்ணை சிகாகோவின் ஏரியைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் வாதாடுகிறார். சின்னண்ணையும் விடுவதில்லை.

போன கிழமை பெரியண்ணி தொலைபேசியை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

"விடியத் தேத்தண்ணியோட துவங்கினா மத்தியானம் வரைக்கும் ரெண்டும் எழும்பாதுகள்," என்று முறைப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்கடை அண்ணை இப்பிடிச் சிரிச்சு நான் கனகாலம் காணேல்லை."