அரளிப் பேன் தின்ற புழுக்கள்

நான் பொறிவண்டு வளர்த்து விற்கிறேன். செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில், எங்கள் வாடகை வீட்டின் பின்னறைதான் அதற்கு இடம். விலங்கியல் படித்துவிட்டு ஒரு பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டது. அவரை, காராமணி, மிளகாய் போடுகிறவர்கள் வந்து வாங்கிப்போவார்கள். செடியின் சாற்றை உறிஞ்சும் பேன்களை வண்டும் தின்னும். வண்டைவிட அதன் புழு இன்னும் அதிகமாகத் தின்னும். அதனால் புழுக்களாகவே டப்பாவில் போட்டுக் கொடுப்பேன்.

புழுக்களுக்குத் தீனியாக மொட்டைமாடியில் காராமணித் தொட்டிகள் வைத்து, அதில் கறுப்புப் பேன்களை வளர்த்துவந்தேன். அந்த ஐப்பசியில் மழை விடவில்லை. ஒரு வாரத்தில் பேன்கள் பூஞ்சை பிடித்துச் செத்து, தண்டுகள் துடைத்துவிட்டதுபோல ஆகிவிட்டன. அறையில் தட்டுத் தட்டாகப் புழுக்கள் பசியோடு கிடந்தன. பசித்த பொறிவண்டுப் புழு பக்கத்தில் இருப்பதைத் தின்னும். பெரியது ஒன்று சின்னதைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை.

அன்றைக்குத்தான் ஒரு விடுதியின் சுற்றுச்சுவரை ஒட்டிச் செவ்வரளிச் செடிகளைப் பார்த்தேன். கொழுந்து முழுக்க மஞ்சள் பேன்கள் அப்பிக் கிடந்தன. காவலாளியிடம் கேட்டு ஒரு பை நிறைய ஒடித்துவந்தேன். அரளி விஷம் என்பது எனக்குத் தெரியாததா? இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ஆனாலும், புழு தின்னப்போவது பேனைத்தானே, செடியை இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நான் யோசித்தது.

புழுக்கள் ஆவலாகத் தின்றன. எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள், கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஓர் அக்காவுக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்பினேன்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை, அவரைப் பந்தல் ஒன்றைத் தனியாகவே பார்த்துக்கொள்கிறார். முந்தின வருடம் பந்தலுக்குப் பூச்சிமருந்து அடிக்கும்போது மயங்கி விழுந்து, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். இனிமேல் மருந்து டேங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகுதான் என்னைத் தேடி வந்தார்.

மூன்றாம் நாள் காலை தட்டுகளைத் திறந்தேன். புழுக்கள் மல்லாந்து கிடந்தன. சிலது கால்களை மட்டும் அசைத்தன. சிலது தோல் உரிக்க ஆரம்பித்து, பாதியிலேயே சிக்கிச் சுருண்டிருந்தன. கூட்டிலிருந்து வெளியே வந்த வண்டு ஒன்றுக்கு இறக்கை கசங்கிய காகிதம்போல இருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு தட்டில் மட்டும் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. மிச்சம் மீதி இருந்த கறுப்புப் பேன்களை அந்தத் தட்டுக்குத்தான் போட்டிருந்தேன். அரளியின் விஷம் அதன் சாற்றை உறிஞ்சிய பேனுக்குள்ளும் ஏறியிருக்கிறது.

அக்காவுக்குக் கொடுத்தது எந்தத் தட்டுப் புழு? ஞாபகமில்லை. தட்டுகளில் நான் எதுவும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

என் கணவர் எட்டிப் பார்த்தார். சொன்னேன்.

"அரளியா? நீ கைய கழுவினியா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"கழுவினேங்க."

"அப்போ அந்தம்மாகிட்ட சொல்லிடு."

"சொன்னா பயந்துட்டு மருந்து அடிச்சிடுவாங்க."

"சொல்லலைனா மட்டும்?"

மத்தியானம் வரை போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பற்றி அக்கா சொன்னது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. கடைசியில் அழைத்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். "உன் புழு ஒண்ணும் சரியில்ல பாப்பா. நிறைய அசையவே மாட்டேங்குது. பேன் ஜாஸ்தியாயிட்டே போவுது. கடைல மருந்து வாங்கியாந்துட்டேன்."

"அக்கா, அடிக்காதீங்க. நான் வர்றேன்."

"நீ வந்து இன்னா பண்ணப் போற?" என்றார். போன் கட் ஆகிவிட்டது. மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்று பௌர்ணமி என்பதையே மறந்திருந்தேன். கிரிவலப் பாதையில் தடுப்பு வைத்திருந்தார்கள். "வண்டி விட மாட்டோம்மா, நடந்து போறதுனா போ" என்றார் போலீஸ்காரர். வண்டியை ஒரு டீக்கடை ஓரமாக விட்டுவிட்டு நடந்தேன். கூட்டம் அப்போதுதான் சேர ஆரம்பித்திருந்தது. எல்லாரும் நிதானமாக நடக்க, நான் மட்டும் இடித்துக்கொண்டு ஓடினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வழி முழுக்க, அக்கா பந்தலுக்கு அடியில் விழுந்து கிடப்பதுபோலவே மனதில் தெரிந்தது. தண்ணீர் குடிக்கக்கூட நிற்கவில்லை.

அவர் முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்றிருந்தார். முகத்தில் துண்டு கட்டியிருந்தார். இன்னும் மருந்தைக் கலக்கவில்லை, புட்டி பிரிக்காமல் காலடியில் இருந்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

"இன்னாடி ஆச்சு?" என்று துண்டை இறக்கினார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அரளிப் பேனைப் போட்டது, தட்டில் எழுதி ஒட்டாதது, காலையிலேயே சொல்லாதது. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பூக்கடைக்குக் கொடுப்பதற்காக அவரே நட்ட செவ்வரளி அங்கே ஆளுயரம் நின்றது.

"அப்போ அதுல இருக்கறதும் அதானா?"

ஓடிப் போய்ப் பார்த்தோம். கொழுந்தெல்லாம் மஞ்சள். பந்தலிலிருந்து இறங்கிய புழுக்கள் சில அதில் ஏறித் தின்றுகொண்டிருந்தன. வெளியிலிருந்து பறந்து வந்த வண்டுகளும் அதில் உட்கார்ந்திருந்தன. கறுப்புப் பேன் பத்தடி தூரத்தில் பந்தலில் குவிந்து கிடக்க, இதைத்தான் தேடி வந்திருந்தன. நான் இந்தத் தப்பைச் செய்யாமலே இருந்திருந்தாலும் இது நடந்திருக்குமோ?

அக்கா டேங்கை இறக்கி வைத்தார். "வெட்டிடலாமா?" என்றார்.

"பூ போயிடுமேக்கா."

"போனா போவுது. டேங்க தூக்கறதுக்கு இது மேல்."

வெயில் இறங்குவதற்குள் பேன் பிடித்த கொழுந்துகளை எல்லாம் வெட்டிக் குழி தோண்டிப் புதைத்தோம். அவரைத் தண்டுகளில் பேன் குவிந்த இடங்களைக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவினோம். நல்ல தட்டிலிருந்த புழுக்களை மறுநாள் விடிந்ததும் கொண்டுவந்து விட்டேன். நான்கு நாள் பொறுக்கிறேன், அதற்குமேல் முடியாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த நான்கு நாளும் காலையில் போய், டேங்க் வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அப்புறம்தான் பந்தல். மூன்றாம் நாள் தண்டுகளில் பேன்களின் வெற்றுத் தோல் உதிர்ந்து கிடந்தது. புழுக்கள் கொழுத்திருந்தன. கிழக்கு ஓர வரிசை தேறவே இல்லை. இலை சுருண்டு காய்ந்துபோனது. மற்றதில் காய் பிடித்தது. அக்கா மருந்துப் புட்டியைப் பிரிக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் அதே வாரம் வேறு இரண்டு பேருக்கும் டப்பா கொடுத்திருந்தேன். அவர்களையும் அழைத்து உண்மையைச் சொன்னேன். ஒருவர், பரவாயில்லை, வேறு கொடுங்கள் என்றார். இன்னொருவர் ஏற்கெனவே மிளகாய்க்கு மருந்து அடித்துவிட்டிருந்தார். "உங்கள நம்பி ஒரு வாரம் சும்மா உக்காந்திருந்தேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் என் போனை எடுப்பதில்லை. மிளகாய் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அந்த ஊர் வழியாகப் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.