ஏக்கருக்குப் பதினெட்டுப் புசல்

செல்வராசா எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எங்கள் ஊருக்கு வந்தவன். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. வருகிற வழியில் தகப்பனை இழந்திருந்தான். எப்படி என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. தாய் பேச்சியம்மா, இரண்டு தங்கைகள், சாக்கில் கட்டிய கொஞ்சச் சாமான். அவ்வளவுதான் அவர்கள் கொண்டுவந்தது.

எங்கள் குளம் பூநகரிக்குப் போகிற வீதியிலிருந்து மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், உள்ளே இருக்கிறது. மதகுக்குக் கிட்ட இருப்பது மேல்வயல். அது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஆட்களுடையது. வாய்க்கால் முடிகிற இடத்தில் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள் மலையகத்திலிருந்து வந்த இருபது குடும்பங்கள். அது கீழ்வயல். தண்ணீர் முதலில் எங்களுக்கு வரும். மிஞ்சினால் அவர்களுக்குப் போகும். மிஞ்சாத வருடங்களில் அவர்களுடைய வயலைப் பார்த்து மேல்வயலில் ஒரு கதை நடக்கும்.

"கொழுந்து பிடுங்கின கைக்கு நெல்லு எங்கை வரப்போகுது?" என்பார்கள். என் தகப்பன் சின்னராசாவும் அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

செல்வராசா எங்களோடு பேசும்போது எங்களைப் போலவே பேசுவான். கீழ்வயலுக்குப் போனால் அவர்களுடைய பேச்சு வரும். எண்பத்திரண்டில் இருவரும் உயர்தரச் சோதனை எழுதி, பல்கலைக்கழகத்துக்கு எடுபடாமல் நின்றோம். கிளிநொச்சியில் ஒரு கல்லூரியில் சனி ஞாயிறுகளில் புள்ளிவிபரவியலும் நிகழ்தகவும் ஒரு வருடப் பாடமாக நடந்தது. அதில் சித்தியடைந்தால் கணக்கெடுப்பு வேலைகளுக்கு ஆள் எடுப்பார்கள் என்ற கதையை நம்பிச் சேர்ந்தோம்.

நான் பாடத்தைப் பாடமாக்கினேன். செல்வராசாவுக்கு அது பிடித்துப்போயிற்று. பத்துச் சதக் காசுக் குற்றியை இருநூறு தரம் சுண்டி, தலை தொண்ணூற்றேழு, பூ நூற்றிமூன்று என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தான்.

"பார் மச்சான், ஒரு சுண்டலில ஆருக்கும் ஒண்டும் தெரியாது. இருநூறு சுண்டினால் ஒழுங்கு வருது. எங்கட சீவியத்தில இப்பிடி ஒழுங்கா ஒண்டை நான் இன்னும் காணேல்லை."

"உனக்கு விசர் பிடிச்சிருக்கு," என்றேன்.

அந்த வருடம் மாரி பொய்த்தது. எண்பத்திமூன்று மாசியில் குளம் சேறாகக் கிடந்தது. வறட்சி நிவாரணம் வரப்போகிறது என்றார்கள். ஒரு குளத்தின் கீழுள்ள வயல்களின் சராசரி விளைச்சல் ஏக்கருக்குப் பதினைந்து புசல் நெல்லுக்குக் குறைந்தால், அந்தக் குளத்து ஆட்கள் எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு உலர் உணவும் அடுத்த போகத்துக்கு விதைநெல்லும் கொடுப்பார்கள். மேல்வயலில் எங்களுக்கு அது வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். எங்களிடம் நெல் இருந்தது. கீழ்வயலுக்கு அது வராவிட்டால் விதைக்க ஒரு மணியும் இல்லை. விதைக்காவிட்டால் அங்கே இருப்பதற்கும் வழியில்லை.

அளக்க ஆள் போதாமல் எங்கள் வகுப்பைக் கேட்டார்கள். எங்கள் குளம் எனக்கும் செல்வராசாவுக்கும் வந்தது. படிப்பித்த ஞானேஸ்வரி மிஸ் ஒழுங்கில்லாமல் எண்கள் நிரம்பிய எழுமாற்று எண் அட்டவணையை விரித்து, கண்ணை மூடிப் பென்சிலை வைக்கச் சொன்னா. நான்கு வயல் விழுந்தது. இரண்டு மேல்வயல், அதில் ஒன்று எங்களுடையது. மற்ற இரண்டும் கீழ்வயல். ஒன்று வீரபாகுவினுடையது. மற்றது பேச்சியம்மாவினுடையது.

"மிஸ், கடைசி எங்கட வயல். வேறை இலக்கம் எடுப்பமோ?" என்று செல்வராசா கேட்டான்.

"உம்மட வயலெண்டு அட்டவணைக்குத் தெரியாது தானே? அது தெரியாமல் இருக்கிறபடியால்தான் நாங்கள் அதை நம்புறம்."

ஒவ்வொரு வயலுக்குள்ளும் எந்த மூலையிலிருந்து எத்தனை அடி வைத்துப் போகவேண்டும் என்பதையும் அட்டவணைதான் சொல்லும். போய் நிற்கிற இடத்தில் மூன்றடிச் சதுர மரச்சட்டத்தை வைத்து, அதற்குள் நிற்கிற நெல்லை மட்டும் அறுத்துப் பையில் போடவேண்டும். காயவைத்து நிறுப்பது கல்லூரியில்.

மேல்வயல் இரண்டையும் முடித்துக்கொண்டு வீரபாகுவின் வயலுக்குப் போக மத்தியானமாகிவிட்டது. வீரபாகுவுக்கு ஐம்பது வயதிருக்கும். எங்களைக் கண்டு சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பெண்சாதி மீனம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தா. செல்வராசா அடி வைத்துப் போய் நின்ற இடம் வெடித்த தரை. ஒரு தாளும் இல்லை.

"என்னா தம்பி, இங்கயா வைக்கப் போற?" என்றார் வீரபாகு.

"இங்கதான் மாமா. கணக்கு இங்க விழுந்திருக்கு."

"கணக்குக்குக் கண்ணு இல்லையா? அங்க பாரு, பத்துப் பாய் விரிக்கிற அளவு பச்சையா, கதிரோட நிக்குது. ரெண்டு மாசமா வாளியில தண்ணி தூக்கி ஊத்தியிருக்கேன். வந்தவங்களுக்கு அதக் காட்டாம கட்டாந்தரையக் காட்டுறதா?"

"அது மாரியம்மாவுக்கு மொத நெல்லு, புதிர் வைக்க வச்சதுங்க," என்றா மீனம்மா.

"ஆத்தாவுக்கு மிச்சம் இருக்கும், நீ சும்மா இரு."

"அப்படி மாத்தக் கூடாது மாமா. சட்டம் விழுந்த எடத்துலதான் வெட்டணும்."

வீரபாகு சட்டத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "நீ சைபர்னு எழுதிட்டுப் போயிருவ. நாளைக்கு மேல்வயல்ல என்னா பேசுவாங்க? தோட்டத்தான் வயல்ல ஒண்ணும் வெளையலன்னுதானே? தண்ணி வராததை எவன் பேசுவான்? நீயுமா என் மானத்த வாங்க வந்த?"

செல்வராசா என்னைப் பார்த்தான். பைகளைக் கல்லூரிக்குக் கொண்டுபோகக் கடைசி பஸ் இரண்டரைக்கு. இன்னும் அவனுடைய வயல் கிடந்தது. வீதிக்கு மூன்று கட்டை நடக்கவேண்டும்.

"போடடா," என்றேன் நான். "ஒரு மூலைதானே. மனுசன் ஆசைப்படுறார்."

அவன் சட்டத்தை விட்டான். வீரபாகுவே அதைக் கொண்டுபோய்ப் பச்சைக்குள் வைத்தார். செல்வராசா குனிந்து அறுத்தான். தன் வயலில் அட்டவணை சொன்ன இடத்திலேயே வெட்டினான். ஒரு கைப்பிடி கிடைத்தது.

அடுத்த சனிக்கிழமை நிறுத்தோம். ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் எங்கள் வயல் இருபத்தாறு, மற்ற மேல்வயல் இருபத்துநான்கு, வீரபாகு பதினெட்டு, பேச்சியம்மா இரண்டு. கூட்டினால் எழுபது. நாலால் பிரித்தால் பதினேழரை.

செல்வராசா பென்சிலை வைத்துவிட்டு, பிறகு எடுத்து இன்னொரு வரி எழுதினான். வீரபாகுவுக்குச் சைபர் போட்டான். ஐம்பத்திரண்டு. பதின்மூன்று. அதை எனக்குக் காட்டினான்.

அவன் மிஸ்ஸிடம் போய் நடந்ததைச் சொன்னான். நான் "போடடா" என்றதை மட்டும் சொல்லவில்லை.

"சைபர் எண்டு மாத்துவம் மிஸ். அதுதான் உண்மை."

"பைக்குள்ள நெல்லுக் கிடக்கு. நான் கையெழுத்தும் வைச்சிட்டன். இதை எறிஞ்சுபோட்டுச் சைபர் எழுதினால் மற்றப் பைகளை ஆர் நம்புறது?"

"அப்ப திரும்பப் போய் அளப்பம்."

"இப்ப வயல் நிக்குதோ?"

நிற்கவில்லை. அறுவடை முடிந்து மாடும் விட்டாயிற்று. மிஸ் நடந்ததை அப்படியே நிவாரண அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினா. இரண்டு கிழமையில் பதில் வந்தது. எங்கள் குளத்தின் அளவு ரத்து. அளக்கப்படாத குளங்களுக்கு இந்த முறை நிவாரணம் இல்லை.

அந்த இரண்டு கிழமையும் வீரபாகு மேல்வயல் கடையடியில் தலை நிமிர்ந்து நின்றார். நிறையை அவருக்குச் சொன்னவன் நான்தான். "பதினெட்டுப் புசல்! தண்ணி இல்லாமப் பதினெட்டு!" என்று என் தகப்பனிடமே சொன்னார். தகப்பனும் தலையாட்டினார்.

பதில் வந்த அன்று செல்வராசா அவருடைய வீட்டுக்குப் போனான். நானும் போனேன். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். வீரபாகு நெடுநேரம் கணக்கை விளங்க முயன்றார்.

"அப்ப நீ சைபர்னு எழுதியிருந்தா அரிசி வந்திருக்குமா?"

"ஆமா மாமா."

"வெத நெல்லும்?"

"ஆமா."

"எல்லாருக்குமா?"

செல்வராசா தலையை மட்டும் ஆட்டினான்.

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி. சட்டம் விழுந்த எடத்துலதான்னு சொன்னியே ஒழிய, ஏன்னு சொல்லலையே. சொல்லியிருந்தா நானே அந்தப் பச்சையப் புடுங்கிப் போட்டிருப்பேனே."

மீனம்மா குசினிக்குள் போய்விட்டா. அவ அழுதது எங்களுக்குக் கேட்டது.

வைகாசிக்குள் கீழ்வயலை விட்டுப் பதினொரு குடும்பங்கள் போய்விட்டன. வீரபாகு குடும்பம் தண்ணீரூற்றுப் பக்கம் கூலிக்குப் போயிற்று. செல்வராசாவின் மூத்த தங்கை பள்ளிக்கூடத்தை விட்டு மிளகாய்த் தோட்டத்துக்குப் போனாள். கல்லூரிச் சோதனைக்கு மூன்று கிழமை இருக்கும்போது செல்வராசா வகுப்புக்கு வருவதை நிறுத்தினான். நான் எழுதிச் சித்தியடைந்தேன். வேலை எதுவும் வரவில்லை.

இந்த வருடம், எண்பத்திநான்கு பங்குனியில், அவனைத் தேடிப் பளைக்குப் போனேன். ஒரு தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரிக்கிறான். கை முழுக்கக் கீறல். சோதனைக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று படிவம் கொண்டுபோயிருந்தேன். அதோடு, அன்று வரம்பில் நான் சொன்னதை மிஸ்ஸிடம் நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ சொன்னதால நான் விடேல்லை," என்றான். "கணக்குக்குக் கண் இல்லையோ எண்டு மாமா கேட்டதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை. அதாலதான் விட்டனான். ஆறு மாசம் படிச்சன். கொப்பி முழுக்க எழுதினன். அந்த மனுசனுக்கு விளங்கிற மாதிரி ஒரு வசனம் சொல்ல எனக்குத் தெரியேல்லை."

"இப்ப தெரியுந்தானே?"

"இப்ப சொல்லுறதுக்கு அங்கை ஆர் இருக்கினம்?"

படிவத்தை அவன் வாங்கவில்லை. மத்தியானத்துக்கு முன் இன்னும் இருநூறு காய் உரிக்கவேண்டும் என்றான். நான் அதை மடித்து வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.