வரவேற்பு அக்கா

சித்தி எங்கே போனாலும், உட்காருவதற்கு முன்னால் "இது யாரோட இடம்?" என்று கேட்பாள். எங்கள் வீட்டு நாற்காலிகள் எல்லாம் ஒரே கடையில் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றில் ஒன்றின் முதுகைத் தொட்டுக்கொண்டு நிற்பாள். "ஏண்டி, அதுல யார் பேராவது எழுதியிருக்கா? உட்கார்ந்து தொலை" என்பாள் அம்மா. ரயிலில் ஆளில்லாத சீட்டைக் காட்டியும் கேட்பாள். எதிரில் இருப்பவர் சுற்றுமுற்றும் பார்ப்பார். சின்ன வயதில் எனக்கு அது விளையாட்டு. "அது ராஜாவோட இடம் சித்தி" என்பேன். "வந்தா எந்திரிச்சுக்கறேன்" என்று உட்காருவாள்.

காரணம் தெரிந்தது நான் வேலைக்குச் சேர்ந்த அன்றுதான். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கி, மேசை போட்ட அலுவலகத்துக்குப் போன முதல் ஆள் நான். முதல் நாளே பெயர் அச்சடித்த காபிக் கோப்பை கொடுத்தார்கள். பணியாளர் நலனைக் கவனிக்கிற பெண் என் தோளில் கைவைத்து, "எதுவா இருந்தாலும் என்கிட்ட மனசு விட்டுப் பேசுங்க" என்றாள். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொன்னேன். அம்மா கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சித்தி கோப்பையைப் பார்க்கவே இல்லை.

"என்ன பேசினே?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பேசலை சித்தி. இன்னிக்குத்தானே சேர்ந்தேன்."

"சரி, என்ன பேசினே அவகிட்ட?"

எதுவும் பேசவில்லை என்று நான் மறுபடி சொன்ன பிறகுதான் அவள் முகம் இளகியது. அதன் பிறகு அவளே சொன்னாள். ஒரே மூச்சில் இல்லை. அன்று கொஞ்சம், அடுத்தடுத்த வாரங்களில் கொஞ்சம்.

சித்தி வேலை பார்த்தது ஒரு சலவை ஆலையில். மருத்துவமனைகளின் விரிப்புகளும் விடுதிகளின் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒரு கோடியில் அழுக்குப் பிரிப்பார்கள், நடுவில் துவைத்து உலர்த்துவார்கள், மறு கோடியில் மடிப்பார்கள். உலர்த்தும் இயந்திரத்தின் கதவைத் திறக்கும்போதெல்லாம் பஞ்சுத்தூசி பறக்கும். மடிக்கிறவர்களின் புருவம் சாயங்காலத்துக்குள் வெளுத்துவிடும். "வேலைக்குப் போறப்ப பொண்ணு, திரும்பி வர்றப்ப கிழவி" என்பாள் சித்தி.

அங்கே சேர்ந்த முதல் நாள் மத்தியானம், சாப்பாட்டு அறையில் காலியாகக் கிடந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். பேச்சு நின்றுவிட்டது. ஒருத்தி டப்பாவைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

"எந்திரின்னு சொல்லியிருந்தா எந்திரிச்சிருப்பேன் பாப்பா. சொல்லலை. சும்மா நின்னா. எல்லாரும் என்னையே பார்த்தாங்க. வாயில வச்ச சோறு உள்ளேயும் போகலை, வெளியேயும் வரலை."

டப்பாவை எடுத்துக்கொண்டு சோப்புப் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அந்த மழைக்காலம் முழுக்க அங்கே நின்றுதான் சாப்பிட்டாள். யாரும் பெயர் கேட்கவில்லை. 'புதுசு' என்றுதான் கூப்பிட்டார்கள். "புதுசு, அந்த மூட்டையை இழு." அடுத்த ஆள் வேலைக்கு வந்தபோது அந்தப் பெயர் அவளுக்குப் போய்விட்டது. சித்திக்கு அப்போதுதான் தன் பெயர் திரும்பக் கிடைத்தது. அந்த ஸ்டூல்காரி பிறகு சிநேகிதியே ஆகிவிட்டாள். "அன்னிக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?" என்று சித்தி கேட்டதற்கு, "எனக்கும் யாரும் சொல்லலையே" என்றாளாம்.

மடிப்பு மேசைக்குச் சித்தி பொறுப்பாளரானதும் தன் மேசையில் இதை மாற்றினாள். பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. புதிதாக யார் வந்தாலும் வாசல்வரை போய் அழைத்து வருவாள். மத்தியானம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, "இது இவளோட இடம்" என்பாள். எந்த இடத்தில் தரை வழுக்கும், கையுறை கிழிந்தால் யாரிடம் கேட்க வேண்டும், எந்த சூப்பர்வைசரின் கத்தலைக் காதில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை என்று சொல்லிக்கொடுப்பாள். அவ்வளவுதான். மற்ற பகுதிகளில் வந்தவர்கள் வந்த வேகத்தில் ஓடினார்கள். சித்தியின் மேசையில் நிலைத்தார்கள்.

இதைப் புது மேனேஜர் கவனித்தார். அவர் நல்ல மனிதர் என்றுதான் சித்தி கடைசிவரை சொன்னாள். முந்தைய மேனேஜர்கள் ஆலைக்குள் வரும்போது மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். இவர் பொத்தவில்லை. வந்த வாரமே எல்லோரையும் கூட்டி, "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார்.

அங்கே ரோலர் இயந்திரத்தில் விரிப்புகளைத் தேய்க்கிறவருக்கு நீராவி என்று பெயர். இயந்திரத்திலிருந்து எழும் ஆவிக்கு நடுவிலிருந்து அவர் குரல் மட்டும் வரும். "குடும்பம்னா சொத்துல பங்கு கேக்கலாமா சார்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார்.

"அவர் சிரிச்சதுதான் எங்களைக் கவுத்துடுச்சு" என்றாள் சித்தி.

சித்திக்கு ஒரு புதுப் பதவி வந்தது. சட்டையில் குத்திக்கொள்ள ஓர் அட்டை: வரவேற்பு அக்கா. "அக்கா, மாலை எங்கே? பன்னீர் தெளிக்க ஆள் வச்சிருக்கீங்களா?" என்று நீராவி நாள் முழுக்க ஓட்டினார். எந்தப் பகுதியில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் இனி அவள்தான் கையைப் பிடித்து அழைத்துவர வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மேனேஜர் அறைக்குப் போய் அவர்களைப் பற்றிப் பேச வேண்டும். "ரிப்போர்ட் எல்லாம் வேண்டாம்மா. சும்மா பேசுங்க. யாருக்கு என்ன கஷ்டம்னு தெரிஞ்சாத்தானே நாம உதவ முடியும்?"

அவள் அறைக்குள் போனதும் அவர் எழுந்து நிற்பார். நாற்காலியை அவரே இழுத்துப் போடுவார். தேநீர் வரும். அதற்கு முன் அத்தனை வருடத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்ததே கிடையாது. இதைச் சொல்லும்போது சித்தியின் குரல் தாழ்ந்துவிடும். அந்த நாற்காலிக்குத்தான் விழுந்தோமோ என்று அவளுக்குச் சந்தேகம். எனக்கும் அதே சந்தேகம்தான். ஒரு கோப்பைக்கு நான் அப்படிக் குளிர்ந்துபோனவள்தானே.

அவள் பேசினாள். ஒருத்தியின் மாமியார் படுக்கையில் இருப்பதைச் சொன்னாள், அவளுக்கு ஷிஃப்ட் மாறியது. ஒருவருக்கு இடுப்பு வலி என்றாள், அவரை மூட்டை தூக்குவதிலிருந்து எடுத்தார்கள். சொன்னால் நடக்கிறது. வீட்டுப் பெரியவர் காதில் பிள்ளைகளின் கஷ்டத்தைப் போட்டுவைக்கிற மாதிரி அவள் எல்லாவற்றையும் போட்டுவைத்தாள்.

அப்போதுதான் தும்மல் வந்து சேர்ந்தாள். இருபதைத் தாண்டியிருக்க மாட்டாள். அப்பா இல்லை, தம்பி படித்துக்கொண்டிருந்தான். உலர்த்தும் இயந்திரத்தின் கதவைத் திறந்தால் ஒரு தும்மல், மூடினால் ஒரு தும்மல். "இவ இருந்தா மணி அடிக்கவே தேவையில்லைப்பா" என்று பெயர் வைத்தவரே நீராவிதான். அவளுக்கும் அவருக்கும் நன்றாக ஒத்துப்போனது. பதிலுக்கு அவள் அவரைக் 'குக்கர் அண்ணன்' என்று கூப்பிடுவாள்.

ஒருநாள் துணிமூட்டைகளுக்குப் பின்னால் அவள் குந்தியிருந்து, மூச்சுக்கு உறிஞ்சுகிற பம்பை வாயில் வைத்திருப்பதைச் சித்தி பார்த்துவிட்டாள்.

"யார்கிட்டேயும் சொல்லிடாதீங்க அக்கா. சேரும்போது ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டேன். பெர்மனென்ட் ஆகிற வரைக்கும் தாக்குப்பிடிச்சுடுவேன்."

"பம்பை எங்கே வைக்கிறே?"

"குக்கர் அண்ணன் மெஷினுக்குப் பின்னாடி, ஆணியில மாட்டியிருக்கேன். அவருக்கும் தெரியாது."

சொல்ல மாட்டேன் என்று சித்தி தலையாட்டினாள். ஆனால் இரவெல்லாம் அவளுக்கு அதே நினைப்பு. இந்தத் தூசியில் இந்தப் பெண் எத்தனை நாள் ஓட்டுவாள்? துணியை எண்ணி வண்டியில் ஏற்றுகிற இடத்தில் ஒரு வேலை காலியாக இருந்தது. அங்கே தூசி கிடையாது, காற்றோட்டம் உண்டு. அந்த வாரம் மேனேஜர் அறையில் தேநீர் ஆறும்வரை யோசித்துவிட்டுச் சொன்னாள்: "சார், பெத்த பொண்ணு மாதிரி நினைச்சுச் சொல்றேன்." மூச்சைச் சொன்னாள், பம்பைச் சொன்னாள், எண்ணுகிற இடத்தையும் சொன்னாள்.

"நல்லவேளை சொன்னீங்கம்மா" என்றார் மேனேஜர். உண்மையான அக்கறையோடுதான் சொன்னாராம்.

சோதனைக் காலம் முடிந்த அன்று தும்மலைக் கூப்பிட்டு, உடல்நிலை பொருந்தவில்லை, மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சித்தி மடித்துக்கொண்டிருந்த விரிப்பை அப்படியே போட்டுவிட்டு மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நின்றார், நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"இடம் மாத்தத்தானே சார் சொன்னேன்?"

"அது பெர்மனென்ட் ஆளுங்களுக்கு மட்டும்தாம்மா. இவங்களை எப்படி வைக்க முடியும்? அவங்க நல்லதுக்குத்தான். இந்தத் தூசியில இருந்தா அவங்க உடம்புக்குத்தானே கெடுதல்? நாளைக்கு ஏதாவது ஆயிட்டா நமக்கும் சங்கடம்."

"அந்த 'நமக்கு'ல நானும் இருந்தேன் பாப்பா" என்றாள் சித்தி. "குடும்பம்னு சொல்றப்பல்லாம் அவர் சொன்ன 'நாம'ல எல்லாரும் இருந்தோம். தும்மல் இருந்தா, நீராவி இருந்தான். இப்போ அவர் இருக்கார், நான் இருக்கேன். அவ 'அவங்க' ஆயிட்டா."

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த மேனேஜர் யாரிடமும் கத்தவில்லை, பொய் சொல்லவில்லை. எல்லோர் பேச்சையும் காதுகொடுத்துக் கேட்டார். ஆனால் கேட்டதற்கு அவர் கட்டுப்படவில்லை. நம்மை நம்பி ஒருத்தி வாயைத் திறந்தால், அதன் பிறகு நம் கைகள் முன்பு போலச் சுதந்திரமாக இருக்க முடியாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லையோ என்னவோ. எனக்கும் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை.

வாசல் கதவருகே தும்மல் காத்திருந்தாள். தலையுறையையும் மேலங்கியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறும் பையோடு நின்றாள்.

"நீங்க எனக்காகச் சண்டை போடப் போனீங்கன்னு சொன்னாங்க அக்கா. அதுவே போதும்."

சித்தி அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள்.

"யாரோ பம்பைப் பார்த்துப் போட்டுக்கொடுத்திருக்காங்க. யாருன்னு மட்டும் தெரியணும் அக்கா. இல்லாட்டி இனிமே எங்கே போனாலும் பக்கத்துல நிக்கிறவங்களைச் சந்தேகப்பட்டுக்கிட்டே இருப்பேன். மெஷினுக்குப் பின்னாடிதானே மாட்டியிருந்தேன். குக்கர் அண்ணனா இருக்குமா?"

'இல்லை' என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைச் சொன்னால் 'பின்னே யார்?' என்ற கேள்வி வரும். சித்தி, "விசாரிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அட்டையைச் சித்தி கழற்றவில்லை. கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். ஓய்வு பெறும்வரை புதியவர்களை வாசல்வரை போய் அழைத்துவந்தாள், ஸ்டூல் போட்டாள், வழுக்குகிற இடத்தைக் காட்டினாள். யாராவது தன் கஷ்டத்தைச் சொல்ல வாயெடுத்தால் மட்டும், "வேலையைப் பாரு, பேச்சு அப்புறம்" என்று நகர்ந்துவிடுவாள். இடம் கொடுத்தாள், காது கொடுக்கவில்லை. மேனேஜர் அறைக்கு வாராவாரம் போய், "எல்லாரும் நல்லா இருக்காங்க சார்" என்று தேநீரைக் குடித்துவிட்டு வந்தாள். நுழைவாயிலில் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்து, 'நாம் ஒரு குடும்பம்' என்று எழுதி மாட்டினார்கள். படத்தின் நடுவில் நிற்பது சித்திதான்.

தும்மல் அவ்வப்போது போன் செய்வாள். ஒரு துணிக்கடையில் சேர்ந்துவிட்டாள். அங்கே யாரிடமும் ஒட்டுவதில்லை என்று சொல்வாள். போனை வைப்பதற்கு முன், "அந்த விஷயம் ஏதாவது தெரிஞ்சுதா அக்கா?" என்பாள். "பார்க்கிறேன்மா" என்பாள் சித்தி.

"இப்பவாவது சொல்லிடேன் சித்தி" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"சொல்லணும். போன்ல எப்படிச் சொல்றது? நேர்ல போய்ச் சொல்லணும். முட்டி வலி கொஞ்சம் குறையட்டும்."

முட்டி வலி குறையவில்லை. போன மாதம் சித்தி தூக்கத்திலேயே போய்விட்டாள்.

ஆலையிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். நீராவி வந்து வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் தும்மல் வந்தாள். அவரைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கி, சுவரோரமாக ஒதுங்கி உள்ளே போனாள். சித்தியின் தலைமாட்டில் ரொம்ப நேரம் நின்றாள். நான் அவளைச் சமையலறைப் பக்கம் அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்தேன்.

"அக்கா எனக்கு ஒரு விஷயம் விசாரிச்சுச் சொல்றேன்னாங்க" என்றாள். "எனக்காக எத்தனை பேர்கிட்ட அலைஞ்சாங்களோ."

"அதைப் பத்தி சித்தி..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க. இன்னிக்கு அது வேண்டாம். அந்த இடத்துல என்னை மனுஷியா பார்த்தது அவங்க ஒருத்தங்கதான். அது போதும்."

தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். படியிலிருந்து நீராவி எழுந்து வழிவிட்டார். "எப்படிம்மா இருக்கே, தும்மல்?" என்று கேட்டார். அவள் காதில் விழாதவள் மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

"என் மேல என்னம்மா கோவம் இவளுக்கு?" என்று என்னிடம் கேட்டார் நீராவி.

அவருக்கும் சித்திதான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.