செம்பு படாத தண்ணீர்

என் அக்கா புருஷன் ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக். தங்கம் ஒசத்தியா, செம்பு ஒசத்தியா என்று யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு செம்பு என்பார். "தங்கத்துல கேஸ் ஓட்டிக் காட்டு பார்ப்போம்" என்று நம்மையே மடக்குவார். அலுமினியக் குழாய் போட்ட ஏசியைக் கண்டால், வேண்டாத சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர்கள் கீழ் வீடு, நான் மேல் வீடு. அத்தானைக் கிண்டல் பண்ணாமல் எனக்குப் பொழுது போகாது. அதற்கு அவரும் குறை வைத்ததே இல்லை.

பல வருஷத்துக்கு முன்னால் அவர் ஆசை ஆசையாக ஒரு கடல் மீன் தொட்டி வைத்தார். உப்புத் தண்ணீர், மீன், நத்தை, இறால், பூ மாதிரி விரிகிற கடல் சாமந்தி எல்லாம் இருந்தது. வெயில் காலம் வந்ததும் தண்ணீர் சூடானது. கடல் உயிர்களுக்குச் சூடு ஆகாது. மற்றவர்களாக இருந்தால் கவலைப்பட்டிருப்பார்கள். அத்தான் சந்தோஷப்பட்டார், தன் கைவரிசையைக் காட்ட வேளை வந்ததென்று. பட்டறையில் இருந்ததிலேயே நல்ல செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து, பழைய கம்ப்ரஸர் ஒன்றில் மாட்டி, சுருளைத் தொட்டிக்குள் இறக்கினார். தண்ணீர் ஜில்லென்று ஆனது. தெருவே வந்து கையை விட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

முதலில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தன. அப்புறம் இறால்கள். கடல் சாமந்தி கரைந்து தண்ணீர் நாறியது, அந்த நாற்றத்தில் மீன்களும் போயின. அத்தான் பட்டறையை விட்டு வீட்டுக்குள் வரவே இல்லை. அக்காதான் டீ வடிகட்டியை வைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

தொட்டி மீன் விற்ற கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "தண்ணியில காப்பர் ஏதாச்சும் பட்டுச்சா?"

நம்ம ஆள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஆமா, முதல் தரமான காப்பர்" என்று சொல்லியிருக்கிறார்.

உப்புத் தண்ணீர் செம்பை அரிக்கும், அந்தச் செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் விஷம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. சோறு போடுகிற உலோகமே இப்படிக் காலை வாரிவிட்டதே என்று மனுஷன் இடிந்துபோனார். மீன் பேச்சை அதோடு விட்டார். காலித் தொட்டியில் அக்கா வெங்காயம் கொட்டி வைத்தாள்.

திரும்பவும் அந்த ஆசையைக் கிளப்பிவிட்ட புண்ணியம் எனக்குத்தான். நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறேன். அங்கே ஏசி ஒழுகியது, அத்தானைக் கூப்பிட்டேன். காத்திருக்கும் ஹாலில் டாக்டர் புதிதாக ஒரு கடல் மீன் தொட்டி வைத்திருந்தார். ஒரு மீன் வாயைத் திறந்துகொண்டு நிற்க, முதுகில் வெள்ளைக் கோடு போட்ட சிவப்பு இறால் ஒன்று அதன் வாய்க்குள் புகுந்து சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தது. டாக்டர் உள்ளே பார்க்கிற அதே வேலை. அத்தான் தோளில் வைத்த ஏணியை இறக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அத்தான், ஏசி மேல இருக்கு" என்றேன்.

"இரு, இது முடிச்சிடட்டும்" என்றார்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் மெல்லப் பேச்சை எடுத்தார். அக்கா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள். "வைங்க. ஆனா இந்தத் தடவை ஒரே ஒரு உசுரு போனாலும் தொட்டியைக் கழட்டிடணும். வடிகட்டியை நான் தொடமாட்டேன்."

"சரி" என்றார். பேரம் பேசவில்லை. அதுவே எனக்கு அதிசயம்.

வெங்காயத் தொட்டியையே கழுவி வைக்கலாமே என்று நான் யோசனை சொன்னேன். "வேணாம். கல்லுக்குள்ள, கண்ணாடி ஒட்டுக்குள்ளயெல்லாம் காப்பர் ஊறிப்போயிருக்கும்" என்றார். தொட்டி, பாறை, மோட்டார் எல்லாம் புதிது. மோட்டாரைக்கூட உள்ளே செம்பு இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். பட்டறையிலிருந்து வந்தால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் தொட்டி பக்கம் போகமாட்டார். மூட்டு வலிக்கென்று வருஷக்கணக்காகப் போட்டிருந்த செம்புக் காப்பையும் கழற்றிவிட்டார். "வலிச்சா வலிச்சுட்டுப் போகட்டும்" என்றார். இத்தனை நாள் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. அவர் விளையாடவில்லை.

தண்ணீரும் பாறையும் மட்டுமாக வாரக்கணக்கில் கிடந்தது தொட்டி. பக்கத்து வீட்டுக்காரர் வந்து குனிந்து குனிந்து தேடிவிட்டு, "மீன் ரொம்பச் சின்னதோ?" என்று கேட்டார். "இன்னும் மீனே விடலை, முதல்ல தண்ணி பழகணும்" என்றார் அத்தான். ஒரு வழியாகப் பழகியது. ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. அப்புறம் பல் ஆஸ்பத்திரியில் பார்த்த அதே ஜாதி இறால் ஒன்று. மீன் பிழைத்தது பெரிதில்லை, இறால் பிழைத்தால்தான் தண்ணீர் சுத்தம் என்று அத்தான் சொன்னார். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் முகத்தில்தான் விழிப்பார்.

வெயில் வந்தது. ஊரில் பாதிப் பேருக்குக் குளிர் கொடுக்கிற மனுஷன், ஓடாத கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து குட்டி ஃபேனைக் கழற்றித் தண்ணீருக்கு மேலே மாட்டினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "சிரி. காத்துல தண்ணி ஆவியானா சூடு தானா குறையும். இது போதும்" என்றார்.

ஆவியானதால் தினமும் தண்ணீர் குறைந்தது. அவர் பட்டறைக்கு ஓடும் அவசரத்தில், காலையில் தண்ணீர் ஊற்றும் வேலை எப்படியோ அக்கா கைக்கு வந்தது. "உப்புத் தண்ணி ஊத்திடாதே, நல்ல தண்ணி" என்று அவர் சொல்லப்போக, "அடுப்புல தண்ணி சுண்டினா உப்பு ஏறும்னு எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மாடிப்படி ஏறி வந்து என்னை எழுப்பினாள். முகம் வெளுத்திருந்தது. கையில் டீ வடிகட்டி.

"இறால் போயிடுச்சுடி. அவர் எழுந்திரிக்கறதுக்குள்ள எடுத்துடலாம். நீ கடைக்குப் போய் அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வந்துடு. மனுஷன் தாங்கமாட்டார்."

நிபந்தனை போட்டவளே அதை மறைக்கக் கிளம்பிவிட்டாள். ஓசைப்படாமல் இறங்கினோம். மணலில் இறால் ஒருக்களித்துக் கிடந்தது, மீசை முதல் வால் வரை அப்படியே. அக்கா ஒரு கையால் உள்ளே பாறையைப் பிடித்துக்கொண்டு, வடிகட்டியை விட்டு அதை ஏந்தினாள். பின்னால் குளியலறைக் கதவு திறந்தது.

வாயில் பிரஷ்ஷோடு அத்தான் நின்றார். தொட்டியைப் பார்த்தார், வடிகட்டியைப் பார்த்தார். பிரஷ்ஷை எடுத்துவிட்டு, "சரி. சாயங்காலம் கழட்டிடறேன்" என்றார்.

"யாரு கழட்டச் சொன்னா?" என்று அக்கா சீறினாள்.

"நீதானே சொன்னே?"

"சொன்னா? நான் சொன்னதையெல்லாம் என்னைக்குக் கேட்டீங்க, இதைக் கேக்க?"

கோபத்தில் வடிகட்டியை வெடுக்கென்று தூக்கினாள். உடனே அவள் முகம் மாறியது. "ஏங்க, இதுல கனமே இல்லையே."

மூன்று பேரும் குனிந்தோம். உள்ளே ஒன்றுமில்லை. வெங்காயச் சருகு மாதிரி வெறும் தோல், கழுத்துப் பக்கம் பிளந்திருந்தது. அக்காவின் இன்னொரு கை தொட்டிக்குள்ளேயே இருந்தது. பாறைக்குப் பின்னாலிருந்து இரண்டு வெள்ளை மீசைகள் நீண்டன. சிவப்பு முன்னைவிடப் பளபளக்க, இறால் வெளியே வந்து அவள் விரல் மேல் ஏறி, நகத்தைச் சுத்தம் பண்ண ஆரம்பித்தது. அவள் மூச்சுக்கூட விடவில்லை.

"சட்டை உரிச்சிருக்கு. வளர்ந்தா உரிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் அத்தான். குரல் உடைந்தது. "நான் பார்த்ததில்ல. போன தடவை எதுவுமே அவ்வளவு நாள் உசுரோட இருக்கலையே." நுரையும் கண்ணீருமாக அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தத் தோலைத் தீப்பெட்டியில் வைத்துக்கொண்டு மீன் கடைக்குக் கிளம்பினார். கடைக்காரருக்கு ஆள் நினைவிருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "காப்பர்?" என்றாராம்.

"மருந்துக்குக்கூட இல்ல" என்று சொல்லிவிட்டு, அத்தான் இன்னொரு இறாலுக்குக் கை காட்டினார். அது அக்கா சொல்லி அனுப்பியது. வீட்டில் விரலைப் பழைய இறாலிடமே கொடுத்துவிட்டு நின்றவள், அவர் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "வரும்போது இதுக்கு ஜோடியா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. பாவம், தனியா இருக்கு."