கரிக்கலாம்பாக்கத்தில் கள ஆய்வு

பேருந்து நிறுத்தத்தில் மக்கள் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்பதுதான் வடிவமைப்புத் துறையில் என் முனைவர் பட்ட ஆய்வு. நாளை நெறியாளரிடம் குறிப்புகளைக் காட்ட வேண்டும். அதனால் இன்று காலை கரிக்கலாம்பாக்கம் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன்.

பாகூர் பேருந்து வந்தது. காத்திருந்த எல்லோரும் ஏறிவிட்டார்கள். நான் ஏறவில்லை. பேருந்தும் கிளம்பவில்லை.

"இன்னாம்மா, ஏறலையா?" என்றார் நடத்துநர்.

"இல்லண்ணே. ஆராய்ச்சி பண்றேன்."

"இன்னா ஆராய்ச்சி?"

"ஜனங்க பஸ்ஸுக்கு எப்படிக் காத்திருக்காங்கன்னு."

ஜன்னலோரம் இருந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். "வூட்ல சண்ட போட்டுக்னு வந்துட்டியா கண்ணு? புருசனா, மாமியாரா?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலம்மா."

"அதான் வூட்ல சண்ட" என்று பின் இருக்கையிலிருந்து ஒருவர் ஆய்வை முடித்துவைத்தார்.

ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். "பொண்ண இப்டியே வுட்டுட்டு எப்டிப்பா போறது?"

பேருந்து முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் ஏறிப் பாகூருக்கு டிக்கெட் வாங்கினேன்.

ஆய்வுக் குறிப்பென்று என்னிடம் ஒரு வரிகூட இல்லை. இன்று என்னால் தாமதமானவர்கள் யாராவது இதைப் படித்தால், கமென்டில் தாராளமாகத் திட்டலாம். அந்த நேரத்தில் எப்படிக் காத்திருந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் நாளைக்கு உதவியாக இருக்கும்.