மஞ்சள் வரிகளைக் காதால் படித்தவர்

சென்ற ஆண்டு, பள்ளி விடுமுறைக்கு முந்திய ஒரு திங்கட்கிழமை காலை. மலேசியாவின் ஈப்போ நகரில் நான் வேலை செய்யும் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் நடந்தது இது.

சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்கு நாங்கள் ஒரு செயலி செய்து கொடுத்திருந்தோம். எந்த வேன் எந்த நோயாளியை எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும் என்று அது ஓட்டுநரின் கைப்பேசியில் காட்டும். அன்று பட்டியலில் பாதிப் பெயர்களைக் காணவில்லை.

நிலையத்தில் வண்டிகளைக் கவனிக்கும் அக்கா அழைத்தார். “சிம்பாங் பூலாய்ல இருக்கிற அங்கிள் அரை மணி நேரமா வாசல்ல உக்காந்திருக்காரு லா. சனி, ஞாயிறு மெஷின் போடல. இன்னிக்கும் விட்டா உடம்புல தண்ணி சேர்ந்து மூச்சு வாங்கும்மா.”

“இதோ சரி பண்ணிடுறேன்கா” என்றேன்.

தவறு என்னுடையது. பத்தே நிமிடத்தில் திருத்திவிட்டேன். ஆனால் திருத்தம் ஓட்டுநர்களைச் சென்றடையவில்லை. நாங்கள் எழுதுவதைச் சோதித்து, கட்டி, அனுப்பி வைக்கும் தானியங்கி வேலைகள் பாதியில் நின்றிருந்தன. அவற்றில் வெளியார் எழுதி இணையத்தில் தந்த பகுதி ஒன்றைப் பயன்படுத்தியிருந்தோம்; ‘இந்தப் பகுதி பழையது, விரைவில் நிறுத்தப்படும், மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று திரை மாதக்கணக்காக மஞ்சள் நிறத்தில் எச்சரித்துக்கொண்டிருந்தது. ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டிருந்தேன். அன்று அந்தப் பழைய பதிப்பை உண்மையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

புதிய பதிப்புக்கு மாற்றினேன். வேறு பிழை வந்தது. அந்தப் பகுதியை இலவசமாகப் பராமரிப்பவரின் இணையப் பக்கத்தில், திரையைப் படம் பிடித்துப் போட்டு, நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று எழுதினேன்.

ஐந்து நிமிடத்தில் ஆங்கிலத்தில் பதில் வந்தது. படம் வேண்டாம், எழுத்தாக அனுப்புங்கள், எனக்குப் பார்வை கிடையாது, கணினி வாசிப்பதைக் கேட்டுத்தான் வேலை செய்கிறேன் என்றிருந்தார்.

அந்தத் தானியங்கி வேலைகள் ஓடும்போது எழுதி வைத்த பதிவின் ஆயிரக்கணக்கான வரிகளை அப்படியே ஒட்டி அனுப்பினேன். அந்த நேரத்தில் அக்கா நோயாளிகளை ஒவ்வொருவராகக் கைப்பேசியில் அழைத்து, “வேன் வருது, எங்கயும் போயிடாதீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரம்தான். உங்கள் தானியங்கி வேலைகளில் இரண்டு ஒரே பெயரில் கோப்பைச் சேமிக்கின்றன, புதிய பதிப்பு அதை ஏற்காது, பெயரை மாற்றுங்கள் என்று எழுதியிருந்தார். கூடவே, அந்த வரிகளில் மேலே இன்னும் மூன்று எச்சரிக்கைகள் இருக்கின்றன, அவற்றையும் இன்றே முடித்துவிடுங்கள் என்றும்.

பெயரை மாற்றினேன். எல்லாம் பிழையின்றிப் பச்சையாக ஓடி முடிந்தது. சற்று நேரத்தில் அக்கா அழைத்தார். “அங்கிள் ஏறிட்டாரு. லிஸ்ட்டு ஃபுல்லா வந்துருச்சு.”

மதியம் மிச்ச மூன்றையும் முடித்த பிறகு, என் கணினியின் வாசிப்புக் குரலை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு அதே வரிகளைக் கேட்டுப் பார்த்தேன். எண்களும் குறிகளும் மழையாகக் கொட்டின. பத்து வரியைக்கூட என்னால் பின்தொடர முடியவில்லை.

அவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது. நன்றி சொன்னதற்கு, ‘அவர்கள் நலமா?’ என்று மட்டும் கேட்டார். எங்கோ முகம் தெரியாத ஒருவர் அத்தனை வரிகளையும் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்டதால்தான் இங்கே ஒரு மனிதர் அன்று நிம்மதியாக மூச்சு விட்டார் என்ற நினைப்பு, என் வேலையைச் சின்ன வேலை என்று எண்ண இன்றுவரை என்னை விடுவதில்லை.