எது இல்லாவிட்டால் ஆலை ஓடாது?

கம்ப்யூட்டர் அறைக்குள் நுழையும் முன் எல்லோரும் செருப்பைக் கழற்றி வாசலில் விடுவார்கள். அப்படி யாரும் விதி போடவில்லை. ஆலையிலேயே ஏ.சி. வைத்த ஒரே அறை அதுதான் என்பதால், உள்ளே ஏதோ சாமி இருப்பதுபோல ஒரு மரியாதை. எண்பதுகளின் பிற்பகுதியில், வில்லியனூரை அடுத்த ஒரு கரும்பாலையில், அந்தச் சாமிக்குப் பூசாரிகள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருவர் என் அண்ணி. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடத் தொடங்கினால் எங்கள் இருவருக்கும் பசி, தாகம் தெரியாது.

அண்ணிக்கும் எனக்கும் ஒரே வயது. அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே புதுச்சேரியில் கம்ப்யூட்டர் படித்திருந்தார். நானும் படித்திருந்தேன். காலையில் மாதா கோயில் மணி அடிக்கும்போதே சமையலை முடித்துவிட்டு, ஒரே பஸ்ஸில் ஏறி, வழியெல்லாம் புரோகிராம் பேசிக்கொண்டே போவோம். எங்கள் பேச்சு புரியாமல் கண்டக்டர் முழிப்பார்.

அந்த வருடம் மழைக்கு முன்பே மேனேஜர் ஒரு நாள் வேகமாக உள்ளே வந்தார். பாகூர் பக்கத்துக் கரும்பு முன்கூட்டியே முற்றிவிட்டது, பூ விட்டால் சாறு குறைந்துவிடும், அதனால் அரவையை முன்னதாகவே தொடங்குகிறோம் என்றார். எங்களிடம் இருந்த அவகாசம் பாதியாகிவிட்டது. வேலையோ பாதியாகவில்லை. கரும்புப் பதிவு, வெட்டு உத்தரவு, எடைச் சீட்டு, வண்டி வாடகை எல்லாமே கம்ப்யூட்டரில் வர வேண்டும். அதோடு, தொடக்க விழாவுக்கு வரும் மந்திரியிடம் காட்ட, ஆலைப் பெயரை நட்சத்திரங்களால் அலங்கரித்து ஒரு ரிப்போர்ட்.

“மொதல்ல அந்த ரிப்போர்ட்ட முடிச்சிடுங்கம்மா” என்றார் மேனேஜர்.

அண்ணி தலையாட்டவில்லை. “சார், ஒண்ணு கேக்கறேன். இதுல எது இல்லனா மொத நாளு ஆலை ஓடாது?”

மேனேஜர் யோசித்தார். எடைச் சீட்டைக் கையால் எழுதலாம். வாடகையைப் பிறகு பார்க்கலாம். வெட்டு உத்தரவு மட்டும் தவறினால் எல்லாமே கெட்டுவிடும். யார் வயலில் எந்த நாள் கரும்பு வெட்டுவது என்று சொல்வது அதுதான். அதற்கு முந்திய பருவத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வெட்டிக் கொண்டுவந்துவிட, ஆலை வாசலிலிருந்து பெரிய ரோடு வரை வண்டிகள் நின்று கரும்பு காய்ந்தது. அண்ணியின் அப்பாவும் அந்த வரிசையில் கிடந்தவர்.

“அப்ப ரிப்போர்ட் கடசிதான் சார்” என்றார் அண்ணி. மேனேஜர் முகம் சுருங்கியது. ஆனாலும் தலையசைத்துவிட்டுப் போனார்.

இன்று சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் மகள், குறித்த நாளுக்குள் முக்கியமானதை முதலில் முடிக்கும் இதையே ‘ஸ்பிரிண்ட்’ என்கிறாள். எந்த வேலை எப்போது என்று அவர்கள் அலுவலகச் சுவரில் வண்ண வண்ணச் சீட்டுகள் ஒட்டியிருக்கும். எங்களுக்குச் சீட்டு கிடையாது. நேரத்தைப் பிரித்துக் கொடுத்தது மின்வாரியம்தான். மதியத்தில் கரண்ட் போய்விடும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சாயங்காலம் கடைசி பஸ்ஸை விட்டால் வீடு சேர முடியாது.

“கரண்ட் இருக்கும்போது யோசிக்கக் கூடாதுடி” என்பார் அண்ணி. “யோசனைக்குக் கரண்ட் வேணாம்.”

காலையில் ஒருவர் படிக்க ஒருவர் தட்டச்சு செய்வோம். கரண்ட் போனதும் தாளோடு வெளியே வந்து, எடைமேடை நிழலில் உட்கார்ந்து மறுநாளுக்கானதை எழுதுவோம். அந்த நாட்களில் எனக்குள் ஓடிய வேகத்தை இப்போது நினைத்தாலும் மனம் துள்ளுகிறது.

அரவைக்குச் சில நாட்களே இருந்தபோதுதான் இடி விழுந்தது. எல்லா ஊர் வயல்களையும் நட்ட தேதிப்படி வரிசைப்படுத்தும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தோம். காலையெல்லாம் ஓடியது. முடியப்போகிற நேரத்தில் கரண்ட் போனது. அத்தனையும் போயிற்று. மறுநாளும் அப்படியே. நான் அழுதுவிட்டேன். அண்ணி இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“ஏண்டி, எல்லா ஊரையும் ஒண்ணா எதுக்குடி போடறோம்? ஊர் ஊரா போடலாம். கரண்ட் போனா ஒரு ஊருதான போவும்!”

எழுந்து குதித்தேன். மறுநாள் முதலில் பண்டசோழநல்லூர். டீ குடித்து முடிப்பதற்குள் வரிசை வந்துவிட்டது. அதை ஃபிளாப்பியில் பத்திரப்படுத்திவிட்டு அடுத்த ஊர். எல்லா ஊரும் முடிந்ததும், ஒவ்வொரு நாளும் எந்த ஊரில் எவ்வளவு வெட்டலாம் என்று பிரித்துக் கொடுத்தோம். பிரிண்டர் கரகரவென்று உத்தரவுகளைத் துப்பத் துப்ப, சூடான தாள்களை நான் கிழித்து அடுக்கினேன். அண்ணி “மாதாவே, மாதாவே” என்று சிரித்துக்கொண்டே இருந்தார்.

தொடக்க நாளன்று மந்திரி வந்தார். ரிப்போர்ட் தயாராகாததால் மேனேஜர் சங்கடத்தோடு எங்களைப் பார்க்க, அண்ணி சன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, எடை போட்டு, நிற்காமல் உள்ளே போய்க்கொண்டிருந்தன. மந்திரி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ரிப்போர்ட்டைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

மதியச் சங்கு ஊதியதும் நாங்கள் வெளியே ஓடினோம். கரும்பைக் கொட்டிவிட்டு வந்த ஒரு விவசாயி, கையில் தூக்குவாளியோடும் கக்கத்தில் பாயோடும் திகைத்து நின்றார்.

“ஏம்மா, காத்துக்கினு கெடக்கணுமேன்னு ரெண்டு வேளைக்குச் சோறு கட்டியாந்தேன். அதுக்குள்ள அனுப்பிட்டாங்களே. இத இன்னாம்மா பண்றது?”

“குடுங்க பெரியப்பா” என்று அண்ணி கை நீட்டினார். “நாங்க காலைலேர்ந்து பட்டினி.”

பாயைப் பெரியவரே விரித்தார். மூவரும் அங்கேயே உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். டிராக்டர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன.